தடை சரி, மாற்று எங்கே?

மாமரத் தண்டுத் துளைப்பானுக்கு மருந்து கேட்டால், சென்னிமலை உழவர்கள் இன்றும் என்னிடம் டைக்குளோர்வாஸ் என்றே சொல்கிறார்கள். அதில் நனைத்த பஞ்சைத் துளையில் செருகிக் களிமண்ணால் அடைப்பது பழைய பரிந்துரை. 2020 டிசம்பர் 31 முதல் அந்த நஞ்சுக்கு முழுத் தடை.

தடை சரியானதே. ஆனால், மரத்துக்குள் மாதக்கணக்கில் குடையும் புழுவை மேல்தெளிப்பு எட்டாது. அடிமரத்தில் மரத்தூள் தெரிந்ததுமே கம்பியால் புழுவைக் குத்தி எடுக்க வேண்டும்; தாக்குண்ட கிளைகளை வெட்டி எரிக்க வேண்டும். இதற்குத் தேவை கூர்ந்த கண்ணும் ஆள்கூலியும். உழவருக்குக் கிடைப்பதோ மருந்துக்கடை ஆலோசனை மட்டுமே.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஊர்தோறும் பயிற்சி அளிக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை கூலிக்கு மானியம் தர வேண்டும். மாற்று வழியைக் காட்டாத தடை, உழவரை இன்னொரு நஞ்சிடமே அனுப்பும் என அஞ்சுகிறேன்.