எது எங்கே இருக்கிறது?



காலை ஏழரை மணிக்கு நம் இல்லங்களில் எழும் குரல்களைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். “அம்மா, என் இன்னொரு காலுறை எங்கே?” “வண்டிச் சாவியை யார் எடுத்தது?” “கண்ணாடியை இங்கேதானே வைத்தேன்!” வினாக்கள் வெவ்வேறு அறைகளிலிருந்து புறப்பட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. அடுக்களையில் தாளித்துக்கொண்டிருக்கும் தாய், திரும்பியும் பாராமல் விடையிறுக்கிறாள். “கொடியிலே பார். சாவி தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. கண்ணாடி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.” கேட்டவை கிடைத்தபின் யாவரும் புறப்பட்டுச் செல்கின்றனர். “எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று கணவர் பிறரிடம் பெருமையோடு கூறிக்கொள்வதும் உண்டு.

இதனைப் பாராட்டு என்றே நாம் எண்ணி வருகிறோம். உண்மையில் இது ஒரு சுமை. வீட்டில் பொருள்களுக்கு இடம் குறிக்கப்படாதபோது, அவை கிடக்கும் இடங்களையெல்லாம் யாரேனும் ஒருவர் தம் நினைவில் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. உடல் உட்கார்ந்திருக்கும் வேளையிலும் அவர் மனம் அறை அறையாக நடந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம்பதியர் தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக்காட்டி விவரித்தனர். அவர்களின் உமிழ்நீரிலிருந்து கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவும் கணக்கிடப்பட்டது. மன இறுக்கத்தோடு தொடர்புடைய இச்சுரப்பு காலையில் மிகுந்திருந்து மாலைக்குள் தணிவது இயல்பு. தம் வீட்டைப் பொருள் அடைசலென்றும் முடியாத வேலையென்றும் விவரித்த மனைவியரிடம் அது உரியவாறு தணியவில்லை. கணவர்களிடம் இத்தொடர்பு புலப்படவில்லை. அடைசலால் இறுக்கமா, இறுக்கத்தால் அடைசலா என்பதை அவ்வாய்வு தீர்த்துச் சொல்லவில்லைதான். ஆயினும் ஒரே கூரையின்கீழ் ஒரே அடைசல் இருவரையும் ஒருபோலத் தாக்கவில்லை என்பது சிந்தனைக்கு உரியது.

நம் வீடுகளில் பொருள்கள் சேர்வதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை எள்ளுதல் தகாது. இல்லாமையை அறிந்த தலைமுறையினர் கயிற்றுத் துண்டையும் எறிய மாட்டார்கள். ‘நாளைக்கு உதவும்’ என்ற அவர்கள் சொல் அனுபவத்திலிருந்து பிறந்தது. திருமணத்திற்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்களின் கதையோ வேறு. கொடுத்தவர் பெயரும் நாளும் வெட்டப்பட்டிருப்பதால், சமைக்கவும் உதவாமல், பிறருக்குக் கொடுக்கவும் இயலாமல், இருபது ஆண்டுகளாக அவை பரண்மேல் வீற்றிருக்கின்றன! (பெயர் வெட்டும் வழக்கத்தைத் தொடங்கியவர் யாரோ, அவர் பரண் ஏறி ஒட்டடை அடிக்காதவராகத்தான் இருக்க வேண்டும்.)

இத்தனைக்கும் ஒழுங்கு நமக்குப் புதிதன்று. விளக்குக்கு மாடம், தயிருக்கு உறி, துணிக்குக் கொடி என்று வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அஞ்சறைப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். நேற்று மணமாகி வந்த மருமகளும் அதைத் திறந்தால், யாரையும் கேளாமல் கடுகையும் சீரகத்தையும் எடுத்துக்கொள்வாள். நம் இல்லத்தின் பிற பொருள்களுக்கும் அத்தகைய இடம் வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. அலமாரியைப் பெரிதாக்குவதால் மட்டும் இது கைகூடாது. பெரிய அலமாரி அடைசலை மறைத்து வைக்கும், அவ்வளவே.

ஒரே நாளில் வீடு முழுவதையும் கவிழ்த்துப் போடாதீர்கள். நண்பகலுக்குள் களைப்பும் மாலைக்குள் சண்டையும் வந்து சேரும். ஒரு சனிக்கிழமை ஓர் இழுப்பறை போதும். வைத்துக்கொள்வன, கொடுக்கத் தக்கன, கழிக்கத் தக்கன என்று பிரியுங்கள். வைத்துக்கொள்வதை, அது பயன்படும் இடத்திற்கு அருகிலேயே வையுங்கள். சாவிக்கு வாசலருகே ஓர் ஆணி அடித்துவிட்டு, சாவியை அதில் மாட்டுவது ஓட்டியவரின் கடமை என்று முடிவு செய்யுங்கள். பள்ளிப் பையைப் பிள்ளைகள் இரவிலேயே அடுக்கி வைக்கட்டும். இவ்வேலையில் பிள்ளைகளையும் தந்தையையும் சேர்த்துக்கொள்ளாமல் தாய் மட்டுமே அடுக்கினால், பொருள் இடம் மாறுமேயன்றிச் சுமை இடம் மாறாது. இன்னொன்று: பிறருடைய பொருளை அவரைக் கேளாமல் எறியலாகாது. சிறுவன் சேர்த்த கூழாங்கல்லும் அவனுக்குச் செல்வமே.

கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின், நாகப்பட்டினம் பகுதியில் நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டையும் உறவையும் இழந்து நின்றவர்களிடம் நம் கிழிசலை நீட்டுவது அறமாகாது. துவைத்து, பொத்தான் தைத்து, நாமே உடுத்தத் தயங்காததைக் கொடுப்போம். மற்றவை கைப்பிடித்துணிக்கு ஆகட்டும். போகியன்று நெகிழியையும் டயரையும் கொளுத்துவதோ அக்கம்பக்கத்தாரின் நுரையீரலுக்கே தீங்கு.

இதுகாறும் தாயின் நினைவில் கிடப்பவற்றைக் கூறினேன். தந்தையின் நினைவில் பூட்டிக் கிடப்பவை இன்னும் கவலைக்குரியவை. அவை வீட்டின் ஆவணங்கள். துக்க வீடுகளுக்குச் சென்று வரும் குருக்கள் யாவரும் இதனை அறிவார்கள். அடக்கம் முடிந்து உறவினர் கலைந்த பின், கைம்பெண்ணான தாய் டிரங்குப் பெட்டியையும் மஞ்சள் பைகளையும் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருப்பார். வீட்டுப் பத்திரம் எங்கே? காப்பீடு உண்டா? எந்த வங்கியில் கணக்கு? அழுவதற்கு வேண்டிய நாள்கள் அலைவதில் கழிகின்றன.

பத்து ஆண்டுகள் இயக்கமின்றிக் கிடக்கும் வங்கி வைப்புகள், 2014-இல் ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்படுகின்றன. உரியவர்கள் அதன் பின்னரும் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில் உள்ளதென்று தேடுவதற்கு உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் தேட வேண்டும் என்பதே தெரியாத குடும்பத்திற்கு அதனால் என்ன பயன்? வங்கிக் கணக்கிற்கு நால்வர் வரை நியமனதாரர்களாகக் குறிக்க 2025 நவம்பர் 1 முதல் சட்டம் இடமளிக்கிறது. உங்கள் கணக்கில் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள். திருமணத்திற்கு முன் எழுதிய பெயரே இன்றும் இருக்கக்கூடும்.

ஆகவே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வீடு, நிலப் பத்திரங்கள், பட்டா, வங்கிக் கணக்குகள், காப்பீடு, வாங்கிய கடன், கொடுத்த கடன், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவை எந்தப் பெட்டியில் உள்ளன என்று எழுதுங்கள். ரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். பழைய பத்திரங்களையும் சான்றிதழ்களையும் லேமினேஷன் செய்யாதீர்கள். ஒட்டியதைப் பின்னர் பிரிக்க இயலாது. ஒவ்வொரு சனவரியிலும் புதிய நாள்காட்டி மாட்டும்போதே அக்குறிப்பேட்டையும் திருத்துங்கள். மருத்துவச் சீட்டுகளைத் தனியே, எளிதில் எட்டும் இடத்தில் வையுங்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்கு ஓடும்போது, என்ன மாத்திரை உண்கிறார் என்பதே அங்கே கேட்கப்படும் முதற்கேள்விகளில் ஒன்று.

“மனைவிக்குப் படிக்கத் தெரியாதே” என்று சில முதியவர்கள் சொல்லக்கூடும். பத்திரத்திற்கு மஞ்சள் உறை, வங்கிக்கு நீலம், மருத்துவத்திற்குச் சிவப்பு என்று வைத்து, ஒருநாள் மாலை அருகில் அமர்த்திக் காட்டிக்கொடுங்கள். அஞ்சறைப்பெட்டியில் தவறாமல் கை வைத்தவருக்கு இது எளிது.