பாண்டுப்பில் எத்தனை ‘ப’?

ரயில்வேயில் 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? மாலை ஆறு மணிக்கு எங்கள் கட்டடத்தின் கீழே பாயை விரித்து, பாண்டுப் மேற்கில் குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் எட்டு, பத்துப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு வாண்டுகள்.

முதல் நாள், “வாட் இஸ் யுவர் நேம்?” என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில், “வாட் இஸ் யுவர் நேம்” என்றார்கள். சரி, பதில் சொல்லிக் காட்டுவோம் என்று என் பெயரைச் சொன்னேன். அதையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அன்று மாலை முழுவதும் அந்தப் பாயில் என் பெயரில் ஒன்பது பேர் இருந்தோம்.

இரண்டாம் வாரம், பாண்டுப் ஸ்டேஷன் பலகையில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். ஊரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். ஜார்ஜ் கிளார்க் என்ற தலைமைப் பொறியாளர் 1843-இல் பாண்டுப்புக்கு வந்தபோதுதான் பம்பாயிலிருந்து தானேக்கு ரயில் விடலாம் என்ற யோசனை அவருக்குத் தோன்றியது என்பது ரயில்வே வரலாறு. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணி வண்டியும் இந்த வழியாகத்தான் போனது. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு பொடியன், “அவருக்குத் தமிழ் தெரியுமா தாத்தா?” என்றான். தெரியாது என்றதும் கிளார்க்கின் மேல் அவனுக்கிருந்த அக்கறை போய்விட்டது.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்திதான் பிடித்துக்கொண்டாள். “தமிழ்ல எழுதினா முதல்லயும் ப, கடைசியிலயும் ப. இங்கிலீஷ்ல மட்டும் ஏன் வேற வேற எழுத்து?” நியாயமான கேள்வி. இங்கே அச்சில் எழுதினால்கூட முதல் எழுத்தும் ‘பி’, கடைசி எழுத்தும் ‘பி’ என்றுதான் வரும். தொண்டையில் கை வைத்துக்கொண்டு ‘பம்பாய்’ என்று சொல்லச் சொன்னேன். அடுத்து ‘பல்’. பம்பாயின் முதல் எழுத்துக்குத் தொண்டை அதிர்கிறது, பல்லுக்கு அதிரவில்லை. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பார்களே, அது மாதிரி எல்லாப் பிள்ளைகளும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ‘ப... ப...’ என்று கத்த, மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்.

கவனியுங்கள். இதை நான் தமிழில் விளக்கினேன். அவள் தமிழில் கேட்டாள். அதனால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும் என்று உட்கார வைத்திருந்தால் பலகையைப் பார்த்து எழுதியிருப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் ‘ஐ’ என்றால் இங்க் பாட் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளை எங்கே மைக்கூட்டைக் கண்டது? சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டி, ‘பாம் பாம்’ என்று ஹாரன் அடித்து விற்கப்போகும் தகப்பனாரின் மகன் ஒருவன், “ஐ ஃபார் இட்லி” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் வாடிவிட்டது. ஆங்கில அகராதியிலேயே இட்லி இருக்கிறதடா என்றேன். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதையும், சுருட்டு ‘ஷெரூட்’ ஆனதையும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதையும் சொன்னேன். ‘எம் ஃபார் மேங்கோ’ என்று எல்லா ஊர்ப் பிள்ளையும் படிக்கிற அந்த மேங்கோவே போர்த்துக்கீசியர் வழியாகப் போன நம் மாங்காய்தான். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் நடுவில் ஒரு நாள், கேள்வி கேட்ட அந்தச் சிறுமி வாயே திறக்கவில்லை. என்னம்மா என்றேன். “அம்மா இப்பல்லாம் என்கூடப் பேசவே மாட்டேங்காங்க தாத்தா” என்று சொல்லி அழுதாள்.

அழைத்துப்போக வந்த தாயாரிடம் விசாரித்தேன். “பள்ளிக்கூடத்துல டைரியில எழுதி விட்டுருக்காங்க அண்ணாச்சி. வீட்லயும் இங்கிலீஷ்தான் பேசணுமாம். எனக்குத் தெரிஞ்சது ‘கம்’, ‘ஈட்’, ‘ஸ்லீப்’. அதை வச்சு எவ்வளவு பேச? தமிழ்ல பேசுனா பிள்ளைக்குப் படிப்பு கெட்டுப்போகும்லா?”

மூன்று சொற்களோடு ஒரு தாய் தன் மகளை வளர்க்கப் பார்த்திருக்கிறாள்! எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. இப்படி எழுதும் பள்ளி அது ஒன்று மட்டுமில்லை. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே நிறைய.

நான் திருநெல்வேலிப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். பாலிடெக்னிக்கில் முதல் மாதம் ஒரு பாடமும் ஏறவில்லை. ‘ஷியர் ஃபோர்ஸ்’ என்றால் என்னவென்று ஓர் ஆசிரியர், கத்தரிக்கோலில் காகிதம் வெட்டுப்படுவதைக் காட்டித் தமிழில் சொன்னார். அன்று புரிந்ததை ஆங்கிலத்தில் எழுதப் பிறகு சிரமமே இல்லை. ‘ஏன்னா’ என்று காரணம் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ‘பிகாஸ்’ ஒரு புதுச் சொல் மட்டுமே. காரணம் சொல்லவே பழகாத குழந்தைக்கு இரண்டையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மும்பையில் அது இல்லாமல் பிழைப்பது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவே சேர்த்தார்கள். ஆனாலும் நம்மவர் இங்கிலீஷ் மீடியத்துக்குத்தான் போகிறோம். போகட்டும். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடக்கட்டும். அடுக்களையில் எதற்கு?

நம் லோக்கல் வண்டியைப் பாருங்கள். மராத்தியில், இந்தியில், ஆங்கிலத்தில் மூன்று தடவை ஊர்ப்பெயர் சொல்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தவில்லை. எங்கள் வாண்டுகள் வரிசையாக நின்று ரயில் விளையாடும்போது, “நெக்ஸ்ட் ஸ்டேஷன், நாஹூர்” என்று அந்த அம்மாள் குரலிலேயே சொல்கிறார்கள். பிசிறில்லாத ஆங்கிலம். இது ஆங்கிலம், ஜாக்கிரதை என்று யாரும் பயமுறுத்தாததால் தானாக வந்தது.

“உங்கள் பையனை எங்கே படிக்க வைத்தீர்கள்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இங்கிலீஷ் மீடியத்தில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டிலும் தமிழ் எழுத்தைச் சொல்லித்தராமல், டியூட்டி டியூட்டி என்று ஓடியதில்தான் வருத்தம். இந்த இதழ் வந்தால் அவன் படங்களைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். அப்பா எழுதியிருக்கிறேன் என்றால், “படித்துக் காட்டுங்கள்” என்பான். படித்துக் காட்டுவேன்.

அந்தத் தாயாரிடம், “ராத்திரி பிள்ளைக்குத் தமிழிலேயே கதை சொல்லுங்கம்மா, இங்கிலீஷுக்கு நான் பொறுப்பு” என்றேன். நம்பினாரோ இல்லையோ, சொல்ல ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் சிறுமி எழுந்து நின்று பாட்டி வடை சுட்ட கதையை ஆங்கிலத்தில் சொன்னாள். “ஒன் கிராண்ட்மதர் குக்கிங் வடா. ஒன் க்ரோ கம்மிங். வடா டேக்கிங், கோயிங்.” இலக்கணம் கிடக்கட்டும், காக்கா பறந்துவிட்டது. “கிராண்ட்மதர் சேயிங்...” என்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, ஐயோவுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

அதுவும் 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது, அப்படியே சொல்லு என்றேன். தெருமுனை வரை கேட்கிற மாதிரி, “ஐயோ!” என்றாள்.