50 கார்களா, 107 கார்களா? ஒரு பள்ளிவாசலும் 39 அமர்வுகளும்

தங்கள் ஊரில் பள்ளிவாசல் வருவதை விரும்பாதவர்கள், அதை நேரடியாகச் சொல்வது குறைந்துவிட்டது. "நாங்கள் முஸ்லிம்களுக்கு எதிரானவர்கள் அல்ல, தெருவில் நெரிசல் ஏற்படுமே என்றுதான் கவலைப்படுகிறோம்" என்பார்கள். மழைநீர் எங்கே வடியும், விளக்கு வெளிச்சம் பக்கத்து வீட்டில் படுமா, வேலி எத்தனை அடி உயரம் என்று கேள்விகள் நீளும். ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதே. எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அமெரிக்க நீதித்துறை 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வழிபாட்டுத் தலங்களுக்கான நிலப் பயன்பாட்டில் பாகுபாடு காட்டப்பட்டதா என்று அந்தத் துறை நடத்திய விசாரணைகளைப் பற்றியது அது. 2000 முதல் 2010 ஆகஸ்ட் வரையிலான விசாரணைகளில் பள்ளிவாசல்கள், இஸ்லாமியப் பள்ளிக்கூடங்கள் தொடர்பானவை 15 விழுக்காடு. அதன் பிறகு 2016 வரை அது 38 விழுக்காடு. அந்நாட்டு மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை உள்ளூர் நிர்வாகமே முடிவு செய்கிறது. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, இது வீடுகளுக்கு, இது கடைகளுக்கு, இது தொழிற்சாலைகளுக்கு என்று விதி எழுதுகிறார்கள். கட்ட விரும்புபவர் திட்ட வாரியத்தின் முன் வரைபடத்தோடு நிற்க வேண்டும். பொதுமக்கள் எழுந்து கேள்வி கேட்கலாம், ஆட்சேபிக்கலாம். வாரியத்தில் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதிரில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் முகம் பார்த்து முடிவெடுக்கும் ஆபத்து அதிலேயே இருக்கிறது.

நியூஜெர்சி மாநிலத்தில் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப் என்ற ஊரில் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வழக்கு முடிந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாகப் பதிவாகியிருப்பதால் இன்றைய சர்ச்சைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அந்த டவுன்ஷிப்பின் ஒரு பகுதி பாஸ்கிங் ரிட்ஜ். அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து 'இஸ்லாமிக் சொசைட்டி ஆஃப் பாஸ்கிங் ரிட்ஜ்' என்ற அமைப்பை நடத்தின. சொந்தப் பள்ளிவாசல் இல்லாததால் கிடைத்த கூடத்தில் ஜும்ஆ தொழுதுவந்தார்கள். 2011-ல் சுமார் நான்கு ஏக்கர் நிலம் வாங்கினார்கள். நிலம் இருந்த தெருவின் பெயர் 'சர்ச் ஸ்ட்ரீட்'! விதிப்படி வழிபாட்டுத் தலம் கட்ட அனுமதி உள்ள மண்டலம்தான் அது. விதிவிலக்கு எதையும் அவர்கள் கேட்கவில்லை.

அமைப்பின் தலைவர் முகம்மது அலி சவுத்ரி பாகிஸ்தானில் பிறந்தவர், பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஊரின் கல்விக் குழுவிலும் டவுன்ஷிப் குழுவிலும் பணியாற்றி, 2004-ல் அதே ஊருக்கு மேயராகவும் இருந்தவர். விதிகள் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட புதியவர் அல்ல அவர். கட்டட வரைபடத்தில்கூட அடக்கம் தெரிந்தது. குவிமாடம் இல்லை. மினாராக்கள் சுற்றுப்புற வீடுகளின் புகைபோக்கிகளைப் போலத் தோன்றும்படி வரையப்பட்டிருந்தன.

2012 ஏப்ரலில் விண்ணப்பம் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் நிராகரிப்பு வந்தது. இடையில் 39 பொது அமர்வுகள்.

இந்த அமர்வுகளில் மையமாக நின்றது கார் நிறுத்தம். டவுன்ஷிப் விதிப்படி மூன்று பேருக்கு ஒரு கார் இடம். கிறிஸ்தவ ஆலயங்களுக்கும் யூத ஆலயத்திற்கும் இந்தக் கணக்கைத்தான் வாரியம் பயன்படுத்தி வந்தது. பள்ளிவாசலில் 150 பேர் தொழலாம் என்று திட்டம். அப்படியானால் 50 இடங்கள் போதும். ஆனால் விதியில் உள்ள 'சர்ச்' என்ற சொல் பள்ளிவாசலைக் குறிக்காது என்று வாரியம் விளக்கம் கொடுத்தது. முஸ்லிம்களுக்கு வெள்ளிக்கிழமை பகலில் தொழுகை, பலர் அலுவலகத்திலிருந்து தனித்தனியாக வருவார்கள், எனவே தனிக் கணக்கு வேண்டும் என்றது. முடிவில் கேட்டது 107 இடங்கள். அதாவது ஒரு காரில் சராசரியாக ஒன்றரைப் பேர்கூட வரமாட்டார்கள் என்ற கணக்கு.

இந்த 57 கூடுதல் இடங்களின் வேலை என்ன என்று கவனியுங்கள். கார் நிறுத்தும் இடம் பெரிதானால் மண் தரை குறையும். மண் தரை குறைந்தால் மழைநீர் வடிகால் திட்டத்தை மாற்ற வேண்டும். வடிகால் மாறினால் மரங்களும் வேலியும் இடம் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொறியாளர் அறிக்கை, அதன் மீது கேள்வி, அடுத்த அமர்வு. முதலில் ஒரு நிபந்தனையைப் போடுவது, அதை நிறைவேற்றுவதால் வரும் விளைவையே அடுத்த ஆட்சேபமாக ஆக்குவது. விண்ணப்பத்தை எவரும் வெளிப்படையாக மறுக்கத் தேவையில்லை. அது தானாகவே களைத்துப் படுத்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். வழக்கறிஞருக்கும் பொறியாளருக்கும் அமர்வுக்கு அமர்வு செலவு செய்ய முடியாத ஜமாஅத்துகள் எத்தனையோ பாதியிலேயே விலகிப் போயிருக்கும்.

2013-ல் டவுன்ஷிப் இன்னொன்றும் செய்தது. குடியிருப்பு மண்டலங்களில் வழிபாட்டுத் தலத்துக்குக் குறைந்தது ஆறு ஏக்கர் வேண்டும் என்று விதியைத் திருத்தியது. இவர்களிடம் இருந்ததோ நான்கு. நியூஜெர்சி சட்டப்படி விண்ணப்பித்த நாளில் இருந்த விதியே பொருந்தும் என்பதால் தப்பித்தார்கள். ஓராண்டு தாமதித்து விண்ணப்பித்திருந்தால் பேச்சே முடிந்திருக்கும்.

அமர்வறையில் பேசியவர்கள் வடிகாலைப் பற்றிப் பேசினார்கள். அறைக்கு வெளியே பேச்சு வேறாக இருந்தது. நிலத்தில் வைத்திருந்த அஞ்சல் பெட்டியில் அமைப்பின் சுருக்கப் பெயரை யாரோ 'ஐஎஸ்ஐஎஸ்' என்று மாற்றி வைத்தார்கள்.

2016 மார்ச்சில் அமைப்பு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் நீதித்துறையும் டவுன்ஷிப் மீது தனியாக வழக்குத் தொடுத்தது. இரண்டுக்கும் அடிப்படையாக இருந்தது 2000-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம். வழிபாட்டுத் தலங்களின் நிலப் பயன்பாட்டில் உள்ளாட்சிகள் ஒரு மதத்தை இன்னொன்றைவிடக் குறைவாக நடத்தக்கூடாது, மத வழிபாட்டின் மீது தேவையற்ற பெரும் சுமையை ஏற்றக்கூடாது என்று அது சொல்கிறது. குடியரசுக் கட்சியின் ஓரின் ஹேட்சும் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் அது. பெரும்பாலும் சிறிய கிறிஸ்தவ சபைகளும் யூதர்களும் பட்ட அனுபவத்திலிருந்து பிறந்தது. அவர்கள் நட்ட மரத்தின் நிழல் நமக்கும் கிடைத்தது.

ஆதரவு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. கிறிஸ்தவ, யூத, சீக்கிய, இந்து அமைப்புகள் பல சேர்ந்து பள்ளிவாசலுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனு அளித்தன. அவற்றில் அமெரிக்காவின் மிகப்பெரிய புரொட்டஸ்டண்ட் சபையான சதர்ன் பாப்டிஸ்ட் சபையின் இரண்டு நிறுவனங்களும் இருந்தன. 2016 ஜூனில் அந்தச் சபையின் ஆண்டு மாநாட்டில் ஒரு போதகர் எழுந்து, பள்ளிவாசல் கட்ட நாம் எப்படி ஆதரவு தரலாம் என்று கேட்டார். பொறுப்பில் இருந்த ரஸ்ஸல் மூர், ஓர் அரசு பள்ளிவாசலைத் தடுக்கும் அதிகாரம் பெற்றால் நாளை அதே அதிகாரத்தால் நம் ஆலயத்தையும் தடுக்கும் என்ற பொருளில் பதில் சொன்னார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. ஆனால் கதை அங்கே இனிதே முடியவில்லை. சபைக்குள் எழுந்த எதிர்ப்பால் மற்றொரு நிறுவனம் அந்த மனுவில் சேர்ந்ததற்காக 2017-ல் வருத்தம் தெரிவித்தது. நமக்காகப் பேசுபவர்கள் தங்கள் மக்களிடம் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

2016 டிசம்பர் 31 அன்று நீதிபதி மைக்கேல் ஷிப் தீர்ப்பளித்தார். கார் நிறுத்த விஷயத்தில் வாரியம் பாகுபாடு காட்டியது என்பதே தீர்ப்பின் சாரம். மற்ற ஆலயங்களுக்கு ஒரு கணக்கு, பள்ளிவாசலுக்கு மட்டும் வேறு கணக்கு என்பதைச் சட்டம் அனுமதிக்காது. அந்த விதியே வாரியம் நினைத்தபடி வளைக்கும் அளவுக்குத் தெளிவற்றது என்றும் அவர் கண்டார்.

நம் பார்வையில் இந்தத் தீர்ப்பில் முக்கியமானது அது வந்த கட்டம். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை. இரு தரப்பும் தாக்கல் செய்த மனுக்களையும் வாரியத்தின் சொந்த ஆவணங்களையும் வைத்தே நீதிபதி முடிவுக்கு வந்தார். யாருடைய மனத்தில் வெறுப்பு இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய தேவையே எழவில்லை. மனத்தில் இருப்பதை நிரூபிப்பது கடினம். "பக்கத்துத் தெரு ஆலயத்திடம் எத்தனை இடம் கேட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே கோப்பில் இருந்தது.

2017 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. பள்ளிவாசல் கட்ட அனுமதி. அமைப்புக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு. வழக்குச் செலவாக 17.5 லட்சம் டாலர். மொத்தம் 32.5 லட்சம். வழிபாட்டுத் தலங்களுக்கான விதிகளைத் திருத்தவும் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கவும் டவுன்ஷிப் ஒப்புக்கொண்டது. சமரசத்தை உறுதிசெய்ய நடக்கும் பொது அமர்வில் இஸ்லாத்தைப் பற்றியோ முஸ்லிம்களைப் பற்றியோ எவரும் கருத்துச் சொல்லக் கூடாது என்றும் ஒரு வாசகம் அதில் இடம்பெற்றிருந்தது. பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று அந்த ஊர்த் தம்பதியர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்த வாசகம் தேவையற்றது என்பதே நம் கருத்து. பேச்சை அடக்கி வெற்றி பெற்றார்கள் என்று சொல்ல எதிராளிக்கு வாய்ப்புக் கொடுத்ததுதான் மிச்சம்.

அதே மாநிலத்தில் பேயோன் நகரில், பழைய கிடங்கு ஒன்றைப் பள்ளிவாசலாக்கும் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, 2018-ல் 4 லட்சம் டாலர் இழப்பீட்டோடு முடிவுக்கு வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டெர்லிங் ஹைட்ஸிலும் பென்சில்வேனியாவின் பென்சலத்திலும் ஏறக்குறைய இதே பாதைதான்: மறுப்பு, வழக்கு, சமரசம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லா ஆட்சேபமும் வெறுப்பல்ல. ஜும்ஆ முடிந்து ஒரே நேரத்தில் கார்கள் வெளியேறும்போது தெரு அடைபடுவது உண்மை. அடுத்தவர் வீட்டு வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டுத் தொழப் போவது எந்த ஊரிலும் நடக்கிறது. நம் தெருக்களிலும் நடக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையில்லை. இதைச் சரிசெய்யாமல் எழும் புகாரையெல்லாம் காழ்ப்புணர்ச்சி என்று ஒதுக்கினால், உண்மையான காழ்ப்புணர்ச்சி வரும்போது நம் சொல் எடுபடாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. இங்கே புதிய வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்குப் பாதிப்பு வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். அங்கே கார் நிறுத்தம் என்றால் இங்கே 'சட்டம் ஒழுங்கு'. இதில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கார் இடங்களை எண்ணலாம். ஓர் ஆலயத்தோடு ஒப்பிடலாம். பொது அமைதியை எப்படி எண்ணுவது? ஆட்சேபிப்பவர் கூட்டம் சேர்த்தாலே அமைதிக்கு ஆபத்து என்று ஆகிவிடுகிறது. அதனால் இங்கே மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்டுப் பெறுவது இன்னும் அவசியமாகிறது. அதே அலுவலகம் அதே வட்டாரத்தில் பிற வழிபாட்டுத் தலங்களுக்கு எந்த நிபந்தனையில் அனுமதி தந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வாய்மொழியாக "பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பப்பட்ட ஜமாஅத்தின் கையில், நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு தாள்கூட இருப்பதில்லை.

இப்போது அமெரிக்காவில் சர்ச்சையின் களம் மாறிவருகிறது. டெக்ஸாஸ் மாநிலத்தில் ஜோசபின் என்ற சிற்றூருக்கு அருகே 402 ஏக்கரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கடைகளோடு ஒரு குடியிருப்பை அமைக்க, ஈஸ்ட் பிளேனோ இஸ்லாமிய மையத்தைச் சேர்ந்தவர்கள் திட்டமிட்டார்கள். எவரும் வீடு வாங்கலாம் என்று அவர்கள் அறிவித்தும் பயனில்லை. காலின் கவுண்டி ஆணையர்களின் கூட்டத்தில் எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள். ஆளுநர் கிரெக் அபாட், ஷரீஅத் நகரம் உருவாகிறது என்ற தொனியில் பேசி, 2025-ல் மாநிலத்தின் பல துறைகளை விசாரணைக்கு இறக்கினார். கட்டுவதற்கான விண்ணப்பமே அப்போது கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கூட்டாட்சி நீதித்துறையும் விசாரணை தொடங்கி, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் 2025 ஜூனில் அதை முடித்துக்கொண்டது. மாநிலச் சட்டமன்றமோ இந்தத் திட்டத்தை மனத்தில் வைத்து ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது.

பாஸ்கிங் ரிட்ஜில் எதிர்ப்பு, கார் நிறுத்தத்துக்குப் பின்னால் மறைந்து நிற்க வேண்டியிருந்தது. டெக்ஸாஸில் மறைவிடமே தேவைப்படவில்லை. மதத்தின் பெயரைச் சொல்லியே பேசினார்கள், அதுவும் மாநிலத்தின் மிக உயர்ந்த பதவியிலிருந்து. உள்ளூர் வாரியத்தில் 39 முறை எழுந்து நின்று பதில் சொன்ன ஒருவருக்கு, முடிவில் நீதிமன்றத்தில் காட்ட 39 அமர்வுகளின் பதிவு இருந்தது. விண்ணப்பத்துக்கு முன்பே விசாரணை தொடங்கும் இடத்தில் ஒப்பிட்டுக் காட்ட இன்னொரு ஆலயத்தின் கோப்பு கிடையாது. அங்குள்ள வழக்கறிஞர்கள் வேறு ஆயுதத்தைத் தேட வேண்டியிருக்கிறது.