புதிய தொடக்கத்துக்கு யார் கூலி தருவது?

வாசல் பெருக்கிக் கோலமிட்டால் மனம் தெளியும், அலமாரியை ஒழித்து அடுக்கினால் வாழ்க்கையும் ஒழுங்குக்கு வரும் என்று வீட்டு வேலையை வாழ்வின் மறுதொடக்கத்துக்கு உவமையாக்கிப் பேசுவது பெருகியிருக்கிறது. உவமையில் பிழையில்லை. போகியன்று பழையதைக் கழித்த பிறகுதானே பொங்கல் வைக்கிறோம். ஆனால் கழிப்பதும் ஓர் உழைப்பு. தொடக்கத்தைக் கொண்டாடும் நாம், அதற்கு இடம் ஒழித்துத் தந்தவரின் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பல்லடம் வட்டாரத்தின் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். ஆறேழு வாரம் வளர்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிய கையோடு அடுத்த பேட்ச் குஞ்சுகளை இறக்கிவிட முடியாது. தரையில் விரித்த பழைய தேங்காய் நார்க்கழிவை அள்ளி, தண்ணீரும் தீவனமும் வைத்த பாத்திரங்களைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கிருமிநாசினி தெளித்து, ஷெட்டைச் சில நாள் காலியாகப் போட வேண்டும். அதில் அசட்டையாக இருந்தால் பழைய பேட்சின் நோய் புதிய குஞ்சுகளைப் பிடிக்கும். ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் கம்பெனி தருகிறது. பண்ணையாளருக்கு வளர்ப்புக் கூலி, வளர்ந்த கோழியின் எடைக்குக் கிலோ கணக்கில் வருகிறது. கழுவித் துடைத்த நாட்களுக்கென்று தனிக் கூலி கிடையாது. அந்த உழைப்பு கிலோவுக்குள் கரைந்துவிடுகிறது.

வீட்டிலோ அந்தக் கிலோ கணக்கும் இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என ஆனது. இருவருக்கும் சற்றே குறைந்தது. இடைவெளி அப்படியே நிற்கிறது. ஆண்கள் ஷிப்டு முடித்துக் களைத்து வருகிறார்களே என்பார்கள். ஆனால் பல்லடம் வட்டாரத்தின் பனியன் கம்பெனிகளில் பெண்களும் பெருமளவில் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீடு திரும்பியதும் இரண்டாவது ஷிப்டு தொடங்குகிறது. களைப்பு இருவருக்கும் பொது. ஓய்வு மட்டும் ஏன் ஒருவருக்கு?

அன்பால் செய்வதற்கு விலை பேசலாமா என்பது அடுத்த வாதம். நீதிமன்றம் ஏற்கெனவே பேசிவிட்டது. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் உண்டெனக் கணக்கிட்டே இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்த பின் மதிப்புள்ள உழைப்பு, உயிரோடு இருக்கும்போது மதிப்பற்றதாகிவிடுமா? 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்காகத் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்றில்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது அந்த வகையில் சரியான அடி. ஆனால் பணம் ஒருவரது கைக்கு வந்துவிட்டதாலேயே விளக்குமாறு இன்னொருவர் கைக்கு மாறிவிடாது. அதை அரசு செய்ய முடியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். அதனால் வீட்டு வேலையில் வாழ்க்கைப் பாடம் தேடும் ஆண்கள் முதலில் அந்த வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளட்டும். பாடம் பிறகு தானாக வரும்.