வீட்டுக்கு கம்ப்ரஸர்: டேங்கை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

ஏர் கம்ப்ரஸர் வாங்கப் போனால், பலரும் முதலில் கேட்பது ‘டேங்க் எத்தனை லிட்டர்?’ என்றுதான். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்பதைச் சொல்லும் ‘சி.எஃப்.எம்’ அளவுதான் முக்கியம். கார் டயருக்கு 30-35 பி.எஸ்.ஐ அழுத்தம்தான், சின்ன மெஷினே போதும். பெயின்ட் ஸ்ப்ரே அடிக்க, காற்று விடாமல் வர வேண்டும், சி.எஃப்.எம் அதிகம் தேவை.

தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் டேங்குக்குள் தண்ணீராகத் தேங்கும். உள்ளே துருப்பிடித்து மெலிந்த டேங்க் வெடிக்கவும் கூடும். வேலை முடிந்ததும் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். சேஃப்டி வால்வு இல்லாத மெஷின் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடலில் சங்கு குளிப்பவர்கள், கம்ப்ரஸர் குழாய் வழியே சுவாசிப்பதும் உண்டு. டயருக்குக் காற்றடிக்கும் மெஷினை அதற்குக் கொடுக்காதீர்கள். எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்தால், அந்தக் காற்றே உயிரைப் பறித்துவிடும்.