மூடுவதென்றால் ஒழுங்காக மூடுங்கள்

எம்ஆர்டி பாதையில் ஒரு பகுதியைச் சில நாள் மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் போதும், நம் கோப்பிக்கடைகளில் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. “அந்தக் காலத்தில் இப்படியா? 87ல் போட்ட ரயில் எத்தனை வருஷம் பிசகில்லாமல் ஓடியது! இப்போது நோண்டி நோண்டியே கெடுக்கிறார்கள்” என்பார்கள். சொல்பவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள். நான் சொல்வது நேர் எதிர். ரயிலை அதிகமாக மூடுகிறார்கள் என்பது என் புகார் அல்ல. போதுமான அளவு மூடவில்லை என்பதுதான் என் புகார்.

1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடியது. மொத்தம் ஐந்தே நிலையங்கள். மூன்றே வருடத்தில் பூன் லே வரை வந்துவிட்டது. அதுவரை மூன்று பேருந்து மாறி ஜூரோங்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வரம். பிசகில்லாமல் ஓடியது உண்மைதான். புதிதாக இருந்தது, ஓடியது. புதுச் செருப்பு கடிக்கலாம், அறுந்துபோகாது.

(2011 டிசம்பரில் இரண்டு முறை ரயில் நின்று ஆயிரக்கணக்கானோர் தவித்தார்களே, அதையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் வந்த கோளாறு. சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

சிக்னலை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை சுமார் நான்கு கிலோமீட்டர். ஒரு காவடிக் கூட்டம் அடுத்த சந்திப்பைத் தாண்டும் வரை பின்னால் வரும் கூட்டத்தை இந்தச் சந்திப்பிலேயே நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும்? முன்னால் போகிறவர்கள் பாதி வழியில் இருந்தாலும் சரி, தாண்டப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, நடுவில் ரோடு காலியாகக் கிடக்கும். நம் பழைய சிக்னல் முறை அதுதான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு துண்டில் ரயில் இருந்தால் துண்டு முழுவதும் அதற்கே சொந்தம். ரயில் அந்தத் துண்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அந்த முறைக்குத் தெரியாது.

புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். பின்னால் வரும் ரயில் அதற்கேற்ற இடைவெளி விட்டு, ஆனால் நெருங்கி, வரலாம். உச்ச நேரத்தில் 120 விநாடிக்கு ஒன்று என்றிருந்த ரயிலை 100 விநாடிக்கு ஒன்றாக விடலாம். இருபது விநாடிக்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்காதீர்கள். மணிக்கு 30 ரயில் ஓடிய இடத்தில் 36 ஓடும். ரயிலுக்கு ஆயிரம் பேர் என்று வைத்தாலும் மணிக்கு ஆறாயிரம் பேர் கூடுதலாகப் போகலாம். புதிதாக ஒரு அங்குலம் தண்டவாளம் போடாமல் கிடைக்கும் இடம் இது.

ஆகவே மாற்ற வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. மாற்றிய விதத்தில்தான் சண்டை.

புதிய முறைக்கு 2012ல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். கடைசி ரயில் போனதிலிருந்து முதல் ரயில் வரும்வரை வேலைக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம், கொஞ்சம் கூடினால் மூன்றரை. அதற்குள் மின்சாரத்தை நிறுத்தி, ஆளை இறக்கி, புதிய முறைக்கு மாற்றிச் சோதித்து, விடிவதற்குள் திரும்பப் பழைய முறைக்கே கொண்டுவர வேண்டும். மறுநாள் இரவு மறுபடியும் முதலிலிருந்து. 2017 மே கடைசியில் வடக்கு தெற்குப் பாதையில் வார நாட்களிலும் புதிய முறையை ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சோதனை என்று அவர்களே சொன்னார்கள். உள்ளே நாம்தான் நின்றுகொண்டிருந்தோம். ஜூன், ஜூலையில் எத்தனை நாள் தாமதம் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

நான் ஜூரோங்கில் ஒரு ரசாயன ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். காற்றழுத்தத்தில் இயங்கிய பழைய கருவிகளைக் கழற்றிவிட்டுக் கணினி முறை வந்தபோது அந்த வேலையில் நானும் இருந்தேன். ஆலையை முழுக்க நிறுத்தினார்கள். நாங்கள் ‘ஷட்டவுன்’ என்போம். பல வாரம் ஒரு சொட்டு உற்பத்தி கிடையாது. முதலாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நஷ்டம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஓடுகிற ஆலையில் பாதி பழசு, பாதி புதுசு என்று வைத்து மாற்றலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழசும் தனியாக நன்றாக வேலை செய்யும், புதுசும் தனியாக நன்றாக வேலை செய்யும். ஆபத்து இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்த எவனுக்கும் இது தெரியும்.

ஜூ கூனில் நடந்தது அதுதான். 2017 ஜூனில் துவாஸ் வரை நீட்டிய பகுதி புதிய முறையில் திறக்கப்பட்டது. கிழக்கு மேற்குப் பாதையின் மற்ற பகுதியெல்லாம் இன்னும் பழைய முறை. ஒரே ரயில் இரண்டிலும் ஓடியாக வேண்டும். நவம்பர் 15 காலை, அப்படி ஒரு ரயில் பழுதான ஒரு பழைய சிக்னல் சுற்றைக் கடந்து போனபோது, அதைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வளையம் கழன்றுபோனது. அந்தப் பழைய கருவியோடு ஒத்துப்போகும்படி மென்பொருளை இன்னும் திருத்தியிருக்கவில்லை. ஜூ கூனில் நின்ற ஆறு பெட்டி ரயிலை மூன்று பெட்டி என்று கணக்குப் போட்டது முறை. பின்னால் வந்து நின்ற ரயில், முன்னால் இடம் இருக்கிறது என்று நம்பி நகர்ந்து போய் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? ஜூ கூனுக்கும் குல் சர்க்கிளுக்கும் இடையே ரயிலை நிறுத்தி, பழையதையும் புதியதையும் பிரித்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே வரை நடுவில் பேருந்துதான். டிசம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சில பகுதிகளை நாள் முழுவதும் மூடி வேலை பார்த்தார்கள். யாரும் செத்துப்போகவில்லை. அடிபட்ட பிறகு செய்ய முடிந்ததை அடிபடுவதற்கு முன்னால் செய்ய முடியாதா?

ஹாங்காங்கையும் பாருங்கள். 2019 மார்ச் 18, விடியற்காலை, சுன் வான் பாதையில் இதே போன்ற புதிய சிக்னலைச் சோதித்தபோது இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. அங்கும் மென்பொருள் பிழைதான். ஆனால் சேவை இல்லாத நேரம், இரண்டிலும் பயணிகள் கிடையாது. இரண்டு நாள் ஒரு பகுதியில் ரயில் ஓடவில்லை, அவ்வளவுதான். பிழை எங்கேயும் வரும். வரும்போது உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நம் அதிகாரிகள் ஏன் தயங்கினார்கள் என்று யோசித்தால் பாதிக் குற்றம் நம்மிடம். அரை மணி நேரம் முன்னால் மூடினாலே ஃபேஸ்புக்கில் திட்டுகிறோம். அந்தத் திட்டுக்குப் பயந்து வேலையை இரவு இரவாக நறுக்கினார்கள். அதிகாரிகள் அதற்குப் பயந்திருக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

காலை ஐந்து மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பது நியாயம். ஷிப்ட் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? அதற்குப் பதில் பேருந்து, ரயிலை அரைகுறையாக ஓட்டுவது அல்ல. ஆனால் பேருந்தை ஒழுங்காக விட வேண்டும். ஒரு முறை பாதை மூடியிருந்தபோது மாற்றுப் பேருந்து நிற்கும் இடத்தை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வைத்திருந்தார்கள். மேம்பாலத்தில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் ஆபரேஷன் ஆன என் மனைவி நாற்பதுக்கு மேல் படி ஏறினாள். மூடியதற்கு அவள் கோபப்படவில்லை. படிக்குத்தான் கோபப்பட்டாள்.

2003ல் திறந்த வடகிழக்குப் பாதைக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. அதன் சிக்னலுக்கும் ஒருநாள் வயதாகும். அப்போது ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் பகுதி பகுதியாக, வாரக்கணக்கில் மூடுங்கள். எத்தனை நாள் என்பதை ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள். பேருந்தை லிஃப்ட் இருக்கும் பக்கம் நிறுத்துங்கள். அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுங்கள், கண்ணாடி போட்டவர்களும் படிக்கிற அளவில்.