அறிவுப் பகிர்வு: கொடையா? கடனா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஒரு தொழில் எதனால் வளர்கிறது? முதலால் வளர்கிறது என்பார் சிலர். உழைப்பால் வளர்கிறது என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும், ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லும் வழக்கம் இல்லாத தொழில், முதலும் உழைப்பும் இருந்தும் ஓரிடத்தில் நின்றுவிடும். நம்மில் பலர் நாடிச் செல்ல விரும்பும் மென்பொருள் தொழிலை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊர்த் தொழிலைப் பார்ப்போம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் தொழிலை அறியாதவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. என் தந்தையார் ஒரு டேனரியில் டிரம்மில் வேலை செய்பவர். எந்தச் சாயத்தை எவ்வளவு, எந்த நேரத்தில் சேர்ப்பது என்பதை மாஸ்டர் தம் சட்டைப் பையிலுள்ள சிறு நோட்டில் எழுதி வைத்திருப்பாராம். இருபது ஆண்டுகள் அந்த டிரம்மை நிரப்பியவருக்கும் அந்த நோட்டு திறந்ததில்லை. மாஸ்டர் வேறு டேனரிக்குப் போனால் நிறமும் அவரோடு போய்விடும்.

இதற்கு மாறான வழியும் இதே தொழிலில் உண்டு. 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தில் கண்டது டேனரியின் வாசலை எட்ட வேண்டும் என்று பாடுபட்டவர். பின்னர், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியற்ற சிறு டேனரிகள் அக்காலத்தில் ஒன்றுகூடி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் பிழைத்தன. மூடிய நோட்டால் முடியாதது, கூடிய கைகளால் முடிந்தது.

மென்பொருள் தொழிலோ பகிர்விலேயே பிறந்தது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்படிக்கையால் கணினி வாணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. எனவே யூனிக்ஸ், மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. மாணவர்கள் அதைப் படித்தார்கள், பிரித்தார்கள், திருத்தினார்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது பின்லாந்து மாணவர், அதன் வழியில் லினக்ஸை எழுதி உலகுக்கு விட்டார். இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுவே. உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

ஆக, எந்த மென்பொருள் நிறுவனமும் வெறுந்தரையில் எழுந்ததன்று. யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல்தான் அதன் அடித்தளம். அத்தகைய நிறுவனம் தன் நிரலை வெளியிடும்போதும், கருத்தரங்கில் தன் அனுபவத்தைச் சொல்லும்போதும் அதைக் கொடை என்று போற்றுகிறோம். அது கொடையன்று, பட்ட கடனைத் திருப்புதல் என்பதே என் கருத்து.

"கோடிக்கணக்கில் செலவிட்டுக் கண்டதைப் போட்டியாளருக்கு ஏன் தர வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாடிக்கையாளரின் விவரங்களையோ வாணிக இரகசியங்களையோ யாரும் கேட்கவில்லை. பொதுக் கருவிகளைத் தருவதால் தருபவருக்கும் ஆதாயம் உண்டு. பேஸ்புக் நிறுவனம் 2013இல் ரியாக்ட் என்ற கருவியை வெளியிட்டது. இன்று உலகெங்கும் மாணவர்கள் தம் செலவில் அதைக் கற்கிறார்கள். வெளியார் பலர் அதன் பிழைகளைக் கண்டு திருத்துகிறார்கள். கொடுத்தவர் குறைந்துபோனாரா என்ன?

கடனை அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 காட்டியது. வங்கிக் கணக்கு முதல் கடிதம் வரை இணையத்தில் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பெருநிறுவனங்கள் பலவும் இலவசமாகப் பயன்படுத்திய அந்நிரலுக்கு முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர்! அதன் பிறகே நிறுவனங்கள் கூடி நிதி திரட்டின. நம் நாட்டிலும், பெங்களூரின் செரோதா நிறுவனம் 2024இல் கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதி அறிவித்தது. மற்றவர்களும் பின்பற்றத்தக்க வழி இது.

கருவியைப் பகிர்வதினும் மேலானது தோல்வியைப் பகிர்வது. 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் அவை உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகலே காப்பாற்றியது. நிறுவனம் இதை மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வெளியிட்டது. அதைப் படித்த எத்தனையோ பேர் தம் காப்பு நகல்கள் உண்மையில் இயங்குமா என்று சோதித்திருப்பார்கள். 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையக் கழிவுத் தொட்டி இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய விபத்துகளின் காரணங்கள் தொழிலாளி படிக்கும் எளிய தமிழில் ஊரெங்கும் சென்றால் எத்தனை உயிர்கள் தப்பும்!

நண்பர்களே, இது நமக்கு வெறும் ஏட்டுச் சிக்கலன்று. பொறியாளர் வீட்டுப் பிள்ளை தன் ஐயத்தை இரவு உணவின்போது தந்தையிடம் கேட்டுக்கொள்ளும். முதல் தலைமுறைப் பட்டதாரியான நமக்கு வீட்டில் கேட்க ஆளில்லை. பொதுவில் எழுதி வைக்கப்பட்ட அறிவே நமக்குப் பாட்டன் சொத்து. இன்போசிஸ் நிறுவனம் 2004இல் தொடங்கிய 'கேம்பஸ் கனெக்ட்' திட்டம் பொறியியல் கல்லூரிகளை நோக்கியது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தால் நிறுவனங்களின் பாடங்கள் கலைக் கல்லூரிகளையும் எட்டின. நன்று, ஆனால் சான்றிதழ் வேறு, தொழில் நுணுக்கம் வேறு. நிறுவனத்தின் பொறியாளர்கள் பருவத்துக்கு ஒருமுறையேனும் அரசுக் கலைக் கல்லூரிக்கு வந்து, எது ஏன் முறிந்தது என்பதைத் தமிழில் சொல்லட்டும். இது இரத்தல் அன்று, உரிமையோடு கேட்பது.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. 2012 முதல் 'கணியம்' இதழின் வழியே ஆர்வலர்கள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதி வருகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுதோறும் அதே நூலக மேலாண்மைத் திட்டத்தை முதல் வரியிலிருந்து எழுதுகிறோம். பைண்டு செய்து அலமாரியில் பூட்டுகிறோம். இனி ஒவ்வொரு மூன்றாம் ஆண்டு மாணவரும் தம் நிரலோடு, தாம் இடறிய இடங்களையும் தமிழில் நான்கு பக்கம் எழுதித் துறை நூலகத்தில் வைக்கட்டும். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழி செய்ய வேண்டுகிறேன். கடனைத் திருப்பச் சொல்லும் உரிமை, தானும் திருப்புபவனுக்கே உண்டு. வரும் கல்வியாண்டிலேயே தொடங்குவோமாக!